பொழுதுபோக்கு ஓவியரின் படங்களுக்கு ஏற்ற இடம் எது? சமூக ஊடகம், கலைத்தளம், வலைப்பூ, சொந்தத் தளம்: ஓர் ஒப்பீடு

வேலை நேரம் போக எஞ்சும் மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் வரைகிறவர்களில் பெரும்பாலோர், தங்கள் படங்களை இணையத்தில் எங்கே வைப்பது என்று தனியாக யோசிப்பதில்லை. கைப்பேசியில் இன்ஸ்டாகிராம் ஏற்கெனவே இருக்கிறது. படம் முடிந்ததும் ஒரு புகைப்படம் எடுத்து அதில் ஏற்றிவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு நண்பர், “நீங்கள் வரைந்த கோபுரங்களை எல்லாம் ஒருசேரப் பார்க்க முடியுமா?” என்று கேட்கும்போதுதான், அந்தப் படங்கள் பிறந்தநாள் கேக்குகளுக்கும் பயணப் புகைப்படங்களுக்கும் இடையே சிதறிக் கிடப்பது தெரியவருகிறது. அத்தகையவர், தம் படங்களுக்கென ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க முனையும்போது எவற்றை எடைபோட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓவியத்தால் பிழைப்பவருக்கு வாடிக்கையாளர், விலை, ஒப்பந்தம் என்று வேறு கணக்குகள் உண்டு. அவற்றை இங்கே விரிவாகத் தொடப்போவதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் செலவு, எளிமை, பார்வையாளர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பிடுவது வழக்கம். அவை தேவையற்றவை அல்ல. ஆனால் பொழுதுபோக்காக வரைபவருக்கு அவற்றைவிட முதன்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: படைப்புகள் எந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன, அந்த வரிசையைத் தீர்மானிப்பவர் யார்? இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலானவை தேதியை வைத்து அடுக்குகின்றன. புதியது மேலே வரும், பழையது கீழே புதையும். படைப்பை வைத்து அடுக்க இடம் தருபவை மிகச் சிலவே. அடுத்த கேள்வி, அந்த இடம் மூடப்பட்டாலோ நமக்குப் பிடிக்காதபடி மாறினாலோ எதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியும் என்பது.

வரிசை இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள், தங்கள் வேலையின் வடிவத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். சிலர் தொடராக வரைகிறார்கள். ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர் 2009ஆம் ஆண்டு தொடங்கிய இங்க்டோபர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அக்டோபர் மாதம் முழுவதும் நாளுக்கொரு மைச்சித்திரம் என்ற ஒழுங்கில், மாத முடிவில் கையில் 31 படங்கள் சேர்ந்துவிடும். அந்த மாதம் நடந்துகொண்டிருக்கும்போது தேதிவரிசைதான் அதன் உயிர். நவம்பர் பிறந்ததும் அது ஒரு முடிந்த தொகுப்பு. முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒரே பக்கத்தில் பார்க்கப்பட வேண்டியது. வேறு சிலர் படக்கதை வரைகிறார்கள். அவர்களுக்குப் புதியதை மேலே வைக்கும் எந்த இடமும் கதையைப் பின்னாலிருந்து படிக்கவைக்கும் இடமாகிவிடுகிறது. இன்னும் சிலர் ஓவிய நோட்டு வைத்திருப்பவர்கள். பேருந்து நிலையம், தேநீர்க் கடை, உறங்கும் தாத்தா என்று கண்டதை வரைபவர்கள். இவர்களுக்கு மட்டும் தேதிவரிசை இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் இவர்களும் ஒருநாள் தேநீர்க் கடைகளை மட்டும் தனியாக எடுத்து அடுக்கிப் பார்க்க விரும்புவார்கள்.

சமூக ஊடகம்

இன்ஸ்டாகிராமிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பெரும்பாலோர் அங்கேதான் இருக்கிறார்கள். 2010இல் தொடங்கியபோது அது புகைப்படங்களைத் தேதிவரிசையில் காட்டும் எளிய செயலியாக இருந்தது. 2015 ஆகஸ்ட்வரை சதுரப் படங்களை மட்டுமே ஏற்றது. 2016இல் பின்தொடர்பவர் காணும் வரிசையை நிரலின் கணிப்புக்கு விட்டுவிட்டது. அதன் பிறகு நாம் ஏற்றிய படம், நம்மைப் பின்தொடர்பவருக்கே காட்டப்படுமா என்பது உறுதியில்லாத விஷயமாயிற்று. 2021இல், தங்கள் செயலி இனி வெறும் சதுரப் புகைப்படங்களைப் பகிரும் இடம் அல்ல என்று அதன் தலைவர் ஆடம் மொசேரியே வெளிப்படையாக அறிவித்தார். காணொளிக்கே முன்னுரிமை என்பது அதன் பொருள். ஒரு மரத்தை மூன்று மணிநேரம் அமர்ந்து வரைந்தவர், அதை முப்பது நொடிக் காணொளியாக்கினால்தான் நாலுபேர் பார்ப்பார்கள் என்ற நிலை இப்படித்தான் உருவாயிற்று. வரைவதற்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தில் ஒரு பகுதியைக் காணொளித் தொகுப்புக்குத் தர விருப்பமுள்ளவர்கள் தாராளமாகத் தரலாம். எனக்கு அது தேவையற்ற சுமையாகவே படுகிறது.

அளவுச் சிக்கலும் உண்டு, அது சிறியதல்ல. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் கிடைக்கும். இன்ஸ்டாகிராம் அதை 1080 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. அதாவது மூலத்தின் பிக்சல்களில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. நீர்வண்ணப் படத்துக்கு இது பெரிய இழப்பல்ல. கூர்முனைப் பேனாவால் குறுக்குக்கோடு இழைத்து நிழல் காட்டியிருந்தால், அந்தக் கோடுகள் சாம்பல் பூசியதுபோல் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெடுக்குவாட்டு ஏ4 தாளின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1:1.41. இன்ஸ்டாகிராம் நெடுங்காலம் 4:5 என்ற விகிதத்துக்கு மேல் உயரமான படத்தை ஏற்கவில்லை. 2025இல் அதை 3:4 ஆக உயர்த்தியது. அதுவும் 1:1.33தான். எனவே நம் வீட்டில் கிடைக்கும் மிகச் சாதாரணமான தாளில் விளிம்புவரை வரைந்த படம் இன்றும் அங்கே மேலும் கீழும் வெட்டுப்படும், அல்லது இருபுறமும் வெள்ளைப் பட்டை வைத்து ஏற்றவேண்டிவரும்.

ஆயினும் அதை அடியோடு ஒதுக்குவது நேர்மையாகாது. நண்பர்களும் உறவினர்களும் அங்கே இருக்கிறார்கள். அத்தை ஒருவர் இடும் ஒரு இதயக்குறி, தெரியாத ஆயிரம் பேரின் வருகையைவிட அடுத்த படத்தை வரையத் தூண்டும். நகர ஓவியர் குழுக்கள் ஞாயிறு காலைகளில் எங்கே கூடுகின்றன என்ற செய்தியும் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வருகிறது. ஆகவே அதை அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்வதில் பிழையில்லை. சேமிப்பிடமாகக் கொள்வதுதான் தவறு. உள்நுழையாத பார்வையாளருக்குச் சில படங்களுக்கு மேல் காட்டாமல் கணக்கு தொடங்கச் சொல்லும் இடம், உங்கள் படைப்புகளைக் காண விரும்பும் முதியவர் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கலைஞர்களுக்கென்றே உள்ள தளங்கள்

டீவியன்ட்ஆர்ட் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கற்றுக்குட்டிகளையும் தேர்ந்தவர்களையும் ஒரே கூரையின்கீழ் கூட்டிய பெருமை அதற்குண்டு. படங்களைக் கோப்புறைகளாகப் பிரிக்கலாம், பெரிய அளவில் ஏற்றலாம், கருத்துரைகளும் கிடைக்கும். வரிசை என்ற கேள்வியில் அது இன்ஸ்டாகிராமைவிட எவ்வளவோ மேல். 2017இல் விக்ஸ் நிறுவனம் அதை 36 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2020இல் பழைய தோற்றம் முற்றாக நீக்கப்பட்டு, பலர் விரும்பாத புதிய தோற்றம் கட்டாயமானது. 2022 நவம்பரில் ட்ரீம்அப் என்ற செயற்கை நுண்ணறிவுப் படக்கருவியை அது அறிமுகப்படுத்தியபோது, பயிற்சித் தரவிலிருந்து (இத்தகைய கருவிகளைப் பயிற்றத் திரட்டும் படங்களிலிருந்து) தம் படங்களை விலக்கிவைக்க விரும்பும் ஓவியர் தாமே அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே, விலக்கை இயல்புநிலையாக மாற்றினார்கள். இருபது ஆண்டுகள் ஒரு தளத்துக்கு விசுவாசமாக இருந்தவர்களும், அத்தளத்தின் முடிவுகளைச் செய்தி பார்த்தே அறிந்துகொண்டார்கள்.

ஆர்ட்ஸ்டேஷன் வேறுவகை. 2014இல் தொடங்கி, 2021இல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போன அத்தளம், விளையாட்டு நிறுவனங்களிலும் திரைத்துறையிலும் வேலை தேடுபவர்களுக்கானது. அங்கே ஒரு படைப்பைத் திட்டமாக, பல படங்களோடும் விளக்கத்தோடும் அழகாக வைக்க முடியும். ஆனால் முகப்பைத் திறந்ததும் கண்ணைப் பறிக்கும் தொழில்முறை வேலைப்பாடுகளுக்கு நடுவே, நம் தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் பென்சில் படம் கூச்சத்தோடு நிற்கும். கூச்சப்படத் தேவையில்லை என்று அறிவுக்குத் தெரிந்தாலும், அந்தச் சூழல் வரையும் கையை மெல்ல மாற்றிவிடுகிறது. அங்கே எது பாராட்டப்படுகிறதோ அதைப்போல் வரையத் தொடங்குகிறோம். அடோபியின் பிஹான்ஸும் ஏறத்தாழ இந்தக் குணமுடையதே.

கலைஞர்களே தங்களுக்கென்று நடத்தும் தளம் இந்தக் குறைகளைத் தீர்க்காதா என்று கேட்கலாம். ஜிங்னா ஜாங் என்ற புகைப்படக் கலைஞர் தொடங்கிய காரா அத்தகைய முயற்சி. பொதுவில் உள்ள பதிவுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தப்போவதாக, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா ஐரோப்பியப் பயனர்களுக்கு அறிவித்தபோது, 2024 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஓவியர்கள் கூட்டம்கூட்டமாக அங்கே குடியேறினார்கள். ஏறத்தாழ 40,000 ஆக இருந்த பயனர் எண்ணிக்கை சில நாள்களில் ஆறு இலட்சத்தைக் கடந்தது. வழங்கிச் சேவைக்கான (தளத்தின் கோப்புகளை வைத்திருந்து இணையத்தில் காட்டும் கணினிகளுக்கான) கட்டணமாக ஏறத்தாழ 96,000 டாலருக்கு ரசீது வந்தது. நல்ல நோக்கமுள்ள ஓர் இடத்துக்கும் இலவசமாகப் படங்களைச் சுமப்பது எவ்வளவு கனமான வேலை என்பதை அந்த ரசீது காட்டியது. அங்கே கணக்கு வைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை. ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கப் பரிந்துரைக்க மாட்டேன்.

வலைப்பூவும் ஆயத்தத் தளங்களும்

தமிழில் இணையத்தில் எழுதியவர்களுக்கு வலைப்பூ பழகிய வீடு. 1999இல் தோன்றி 2003இல் கூகுளிடம் சென்ற பிளாகர் இன்றும் இலவசமாக இயங்குகிறது. அதே 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் மென்பொருளைச் சொந்தமாக நிறுவியும் பயன்படுத்தலாம், வேர்ட்பிரஸ்.காமில் கணக்கு தொடங்கியும் பயன்படுத்தலாம். இரண்டிலும் பதிவுகளை மொத்தமாக ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள வழியுண்டு. வெளியேறும் கதவு இருப்பது பெரிய நற்குணம்; பின்னூட்டங்களும் கூடவே வரும். படத்தோடு நாலு பத்தி எழுதும் பழக்கமுள்ளவருக்கு, அதாவது அந்தச் சந்தையில் அன்று என்ன வெயில், எந்தக் காகிதம், ஏன் அந்த நீலம் கைகொடுக்கவில்லை என்று சொல்ல விரும்புபவருக்கு, இதைவிட வசதியான இடம் இல்லை.

அதன் குறை தேதியில் இருக்கிறது. வலைப்பூவின் முகப்பில் கடைசிப் பதிவு 2022 மார்ச் என்று இருந்தால், வருபவர் இந்த வீட்டில் ஆளில்லை என்று முடிவு செய்கிறார். எழுதுபவருக்கும் அந்த இடைவெளி குற்றவுணர்வைத் தருகிறது. “நீண்ட நாள்களாகப் பதிவிட முடியவில்லை, மன்னிக்கவும்” என்ற வரியோடு தொடங்கி, அதோடு முடிந்தும்போன வலைப்பூக்கள் ஏராளம். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்? குழந்தை பிறந்தது, வேலை மாறியது, ஓராண்டு தூரிகையைத் தொடவில்லை என்பதெல்லாம் பொழுதுபோக்கு ஓவியரின் வாழ்க்கையில் இயல்பானவை. அந்த இடைவெளியை முகப்பிலேயே அறிவிக்கும் அமைப்பு அவருக்குப் பொருந்தாது. வகைப்பாடுகளும் தனிப்பக்கங்களும் வைத்து இதை ஓரளவு சரிசெய்யலாம்; ஆனால் மென்பொருளின் இயல்போடு ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வேர்ட்பிரஸைச் சொந்தமாக நிறுவுபவர் அதன் நீட்சிகளையும் பாதுகாப்புத் திருத்தங்களையும் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் யாரோ மருந்து விளம்பரம் ஏற்றிவிட்டுப் போவதற்கும் வாய்ப்புண்டு.

டம்ளர் (Tumblr) என்ற தளம் சமூக ஊடகத்துக்கும் வலைப்பூவுக்கும் நடுவே நிற்கிறது. 2007இல் தொடங்கி ஓவியர்களின் செல்லப்பிள்ளையாக வளர்ந்த அதை 2013இல் யாஹூ 1.1 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2018 டிசம்பரில் பாலியல் உள்ளடக்கம் தடைசெய்யப்பட்டபோது, அதைக் கண்டறியும் தானியங்கி முறை குற்றமற்ற ஓவியங்களையும் சேர்த்தே குறியிட்டது. உடற்கூறு பயில்பவர்களின் உருவப் பயிற்சிகளும் அதில் சிக்கின. பலர் வெளியேறினார்கள், மறு ஆண்டே தளம் கைமாறியது.

விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ் போன்ற ஆயத்தத் தளங்கள் படைப்புவாரியாக அடுக்க வசதி தருகின்றன, பார்க்கவும் பாங்காக இருக்கின்றன. ஸ்கொயர்ஸ்பேஸில் சோதனைக் காலத்துக்குப் பின் இலவசத் திட்டம் கிடையாது. விக்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் இருக்கும். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே பெயர்த்து வேறோர் இடத்தில் வைக்கவும் முடியாது. மாதந்தோறும் பணம் கட்டி, நிறுத்திய நாளில் எல்லாவற்றையும் இழப்பது, வருமானம் ஈட்டாத ஒரு பொழுதுபோக்குக்கு ஏற்ற ஏற்பாடாகத் தெரியவில்லை. திருமணப் படம் வரைந்துதரும் பகுதிநேரத் தொழில் இருப்பவருக்கு மட்டும் இக்கணக்கு மாறலாம்.

கையால் எழுதும் சொந்தத் தளம்

எஞ்சியிருப்பது, எச்டிஎம்எல் (இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் குறியீட்டு மொழி) பக்கங்களைத் தாமே எழுதி, ஒரு வழங்கியில் ஏற்றிவைப்பது. இதைச் சொன்னதும், அது கணினிப் பொறியாளர்களின் வேலை என்று பலர் பின்வாங்குகிறார்கள். உண்மையில் ஓர் ஓவியப் பக்கத்துக்குத் தேவையானது தலைப்பு, ஒரு பத்தி, படங்கள், படக்குறிப்புகள், முகப்புக்குத் திரும்ப ஓர் இணைப்பு ஆகியவை மட்டுமே. இதற்கு வேண்டிய குறியீடுகளை ஒரு வார இறுதியில் கற்றுவிடலாம். 1990களின் இறுதியில் பள்ளி மாணவர்கள் ஜியோசிட்டீஸில் செய்ததும் இதைத்தான். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் தன் பயனர்களைப் பேட்டைகளாகப் பிரித்துக் குடியமர்த்தியது; ஓவியமும் கவிதையும் சோஹோ என்ற பேட்டையில் இருந்தன. 1999இல் யாஹூ அதை வாங்கி, 2009 அக்டோபரில் மூடிவிட்டது. தன்னார்வலர்கள் முடிந்தவரை பிரதியெடுத்துக் காப்பாற்றினார்கள். ஆனாலும் அந்தப் பக்கங்களின் முகவரிகள் செத்துவிட்டன.

அதன் பெயரை நினைவூட்டும் நியோசிட்டீஸை 2013இல் கைல் டிரேக் தொடங்கினார். இலவசக் கணக்கில் 1 ஜிபி இடம் கிடைக்கிறது, விளம்பரம் இல்லை. 1 ஜிபி போதுமா என்ற ஐயத்தை ஒரு கணக்கால் தீர்க்கலாம். 1600 பிக்சல் அகலத்தில் சேமித்த ஒரு ஜேபெக் படம் சராசரியாக 400 கேபி என்று கொண்டால், 2,500 படங்களை வைக்கலாம். வாரத்துக்கு ஒன்று வரைபவருக்கு அது 48 ஆண்டுகளுக்குத் தாங்கும். இலவசக் கணக்கில் காணொளி, ஒலிக்கோப்புகளை ஏற்ற முடியாது. சொந்த டொமைன் பெயரை (நமக்கென்று பதிவு செய்த இணைய முகவரியை) இணைக்க மாதம் 5 டாலர் கட்டணத் திட்டம் தேவை. மற்றொரு வழியான கிட்ஹப் பேஜஸில் அளவு அதே 1 ஜிபி; சொந்தப் பெயரை இலவசமாகவே இணைக்கலாம். ஆனால் அது நிரலாளர்களுக்காகக் கட்டப்பட்டது. பழைய படம் ஒன்றைத் திரும்பப் பெற விரும்பி நீக்கினாலும், மாற்றங்களின் வரலாற்றில் அது தங்கியிருக்கும். அந்த வரலாறு பொதுவில் இருக்கும். தம் பழைய படங்களைக் கண்டு நெளியும் ஓவியர்கள் பலர் என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். தொழில்நுட்பத்தில் ஈடுபாடு இல்லாதவருக்கு நியோசிட்டீஸையே பரிந்துரைப்பேன். அங்கே ஒருவர் தளத்தை மற்றவர் பின்தொடரும் வசதியும் இருப்பதால், அண்டை அயலார் அற்ற தனிமையும் இல்லை.

இரண்டில் எதைத் தேர்ந்தாலும், உண்மையான பலன் வேறோர் இடத்தில் இருக்கிறது. தளம் என்பது உங்கள் கணினியில் உள்ள ஒரு கோப்புறை. வழங்கியில் இருப்பது அதன் நகல். நியோசிட்டீஸ் நாளையே மூடப்பட்டாலும், அதே கோப்புறையை வேறொரு வழங்கியில் ஏற்றினால் அன்று மாலையே தளம் திரும்பிவிடும். டொமைன் பெயரும் உங்களுடையதாக இருந்தால் முகவரிகூட மாறாது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் ஆகும் இந்தப் பெயர்தான் நான் உறுதியாகப் பரிந்துரைக்கும் ஒரே செலவு; நியோசிட்டீஸில் அதை இணைப்பவருக்கு மேலே சொன்ன மாதக் கட்டணமும் சேரும். புதுப்பிக்க மறந்தால் பெயர் அந்நியர் கைக்குப் போய்விடும் என்பதால், பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது; .காம் பெயரை ஒரே தடவையில் பத்து ஆண்டுகள்வரை பதிவு செய்யலாம்.

படங்களை மட்டும் வேறோர் இலவசச் சேவையில் வைத்து, தளத்தில் இணைப்பாகக் காட்டும் குறுக்குவழியைத் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தவர்களின் படங்கள், 2017இல் போட்டோபக்கெட் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கேட்டு வெளியிணைப்புகளை நிறுத்தியபோது மறைந்தன. பல ஆண்டுகளாகச் சேர்த்த செய்முறை விளக்கங்களில் எழுத்து மட்டும் மிஞ்சியது.

தமிழில் தலைப்பும் குறிப்பும் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தனி எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட தமிழ்ப் பக்கங்கள் இன்று திறந்தால் குழம்பிய குறிகளாகவே தெரிகின்றன. எனவே படக்குறிப்பை யூனிகோடில், படத்துக்கு வெளியே, எழுத்தாகவே இடவேண்டும். படத்துக்குள் பொறித்துவிட்டால் தேடுபொறிக்கும் தெரியாது, திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்றவருக்கும் கேட்காது. கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் அமைப்பது நல்லது, ஏனெனில் தமிழில் இட்ட கோப்புப் பெயர், முகவரியாக நகலெடுக்கப்படும்போது சதவீதக் குறிகளின் நீண்ட தொடராக மாறிவிடும். கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தை ஏற்றுவதாக இருந்தால், அதில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிடவும். சமூக ஊடகங்கள் பெரும்பாலும் இதைத் தாமே நீக்கிக் காட்டுகின்றன. சொந்தத் தளம் நீங்கள் தந்த கோப்பை அப்படியே காட்டும். பால்கனியில் வைத்து எடுத்த படத்தோடு வீட்டு முகவரியும் போய்விடக்கூடும்.

புதுப்பிக்கும் வேலை

சொந்தத் தளத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் உழைப்பு. இன்ஸ்டாகிராமில் இரண்டு நிமிடத்தில் முடிவது, இங்கே ஸ்கேன் செய்தல், ஓரம் நறுக்குதல், பெரிதும் சிறிதுமாக இரு அளவுகளில் சேமித்தல், பக்கத்தில் வரி சேர்த்தல் என்று அரைமணி நேரத்தைத் தின்னும். இதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே செய்யவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதம் ஒருமுறை, நாலைந்து படங்கள் சேர்ந்தபின் உட்கார்ந்தால் வேலை பாதியாகக் குறையும். கூடவே ஒரு நன்மையும் உண்டு: மூன்று வாரம் கழித்துப் பார்க்கும்போது, வரைந்த அன்று பிரமாதமாகத் தோன்றிய படங்களில் இரண்டு தாமாகவே உதிர்ந்துவிடும். உடனடியாக ஏற்றும் இடங்கள் இந்தச் சல்லடையை நமக்குத் தருவதில்லை.

முகப்பை எப்படி அமைப்பது என்பதில் என் பரிந்துரை இது: மேலே படைப்புத் தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுபடமும் பெயரும், கீழே, ஐந்தாறு வரிகளுக்கு மிகாமல், தேதியோடு மாற்றக் குறிப்புகள். “கோபுரங்கள் தொடரில் மூன்று படங்கள் சேர்க்கப்பட்டன” என்ற அளவில் ஒரு வரி போதும். இவ்வாறு அமைத்தால், கடைசிக் குறிப்பு ஈராண்டு பழையதாக இருந்தாலும் மேலே உள்ள தொடர் பழையதாகத் தோன்றாது. அது முடிந்த படைப்பாக நிற்கும். நடந்துகொண்டிருக்கும் தொடருக்கும் கைவிட்ட தொடருக்கும் அந்தந்தப் பக்கத்திலேயே நிலையை எழுதிவிடலாம். பாதியில் நின்ற படக்கதையை மறைக்கத் தேவையில்லை. பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றது என்று எழுதினால் வாசகர் புரிந்துகொள்வார். “விரைவில் தொடரும்” என்பதை மட்டும் எழுதாமல் இருப்பது நல்லது.

புதுப்பித்ததை மற்றவர் எப்படி அறிவார்? 1999இல் உருவான ஆர்எஸ்எஸ் ஓடை, அதாவது தளத்தில் புதிதாகச் சேர்ந்தவற்றைப் பட்டியலாகத் தரும் கோப்பு, இதற்கென்றே உள்ளது. 2013இல், ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டதும் அது இறந்துவிட்டதாகப் பலர் எழுதினார்கள்; ஆயினும் இன்றும் இயங்குகிறது, ஓடை வாசிப்பான்களும் கிடைக்கின்றன. உறவினரில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துவார்கள் என்றால், ஒருவரும் இல்லை என்பதே உண்மை. அவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு படமும், வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பும் போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கவலை

சொந்தத் தளத்துக்கு மாறினால் படங்கள் பயிற்சித் தரவுக்குப் போகாது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியன்று. 2022இல் வெளிவந்த லயான்-5பி என்ற தரவுத்தொகுப்பு, பொதுவில் உள்ள பக்கங்களிலிருந்து 500 கோடிக்கும் மேற்பட்ட பட இணைப்புகளைத் திரட்டியிருந்தது. பின்டரெஸ்ட், டீவியன்ட்ஆர்ட் போன்ற பெரிய தளங்களும் தனிநபர் வலைப்பூக்களும் அதில் அடக்கம். பக்கங்களைத் திரட்டும் தானியங்கி நிரல்களுக்கான ரோபாட்ஸ் கோப்பில் நுழைய வேண்டாம் என்று எழுதிவைக்கலாம். அது வேண்டுகோள், பூட்டு அல்ல. சிகாகோ பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட கிளேஸ் கருவி, மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றத்தைப் படத்தில் சேர்த்து, பாணியை நகலெடுப்பதைக் கடினமாக்க முயல்கிறது. ஆனால் ஒரே நிறம் விரிந்துகிடக்கும் பகுதிகளில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தட்டுப்படும். இவ்வகையில் எந்த இடமும் முழுக் காவல் தருவதில்லை என்பதால், இதை மட்டும் காரணமாக வைத்து இடம் மாறுவதில் பயன் குறைவு. உண்மையான வேறுபாடு ஒன்று உண்டு: மற்ற இடங்களில் நம் படத்தைப் பயன்படுத்தும் உரிமையை விதிமுறைகளை ஏற்கும்போதே தந்துவிடுகிறோம்; சொந்தத் தளத்தில், வழங்கிச் சேவையின் விதிமுறைகள் கேட்பதற்கு மேல் எவருக்கும் தருவதில்லை.

யாருக்கு எது

படத்தைவிடப் படத்தின் கதையை எழுதுவதில் மகிழ்பவர் வலைப்பூவிலேயே இருக்கலாம். மாறுவதற்குக் காரணம் இல்லை. விமர்சனமும் கூட்டும் தேடும் இளைஞருக்கு டீவியன்ட்ஆர்ட், காரா போன்றவற்றில் கிடைப்பதைச் சொந்தத் தளம் தராது. வேலைவாய்ப்பு நோக்கம் இருந்தால் ஆர்ட்ஸ்டேஷன். தொடராக வரைபவர், படக்கதை வரைபவர், பல ஆண்டு வேலையை ஒழுங்குபடுத்தி வைக்க விரும்புபவர் ஆகியோருக்குச் சொந்த டொமைன் பெயரில் கையால் எழுதிய தளமும், அதைச் சுட்டும் அறிவிப்புப் பலகையாக ஒரு சமூக ஊடகக் கணக்கும் என்ற இணைப்பே நான் பரிந்துரைப்பது. இதற்கான செலவையும் மாதம் ஒரு மாலையையும் ஒதுக்க முடியாதவர், குறைந்தது ஸ்கேன் செய்த மூலக்கோப்புகளைப் பெயரும் தேதியும் இட்டு இரண்டு வன்தட்டுகளில் வைத்திருந்தால், பின்னொரு நாள் தொடங்குவது எளிதாக இருக்கும்.

ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் பல ஆண்டுப் படங்கள் இருப்பவர், எங்கே மாறுவது என்று முடிவு செய்யும் முன்பே தம் கணக்கின் முழுப் பிரதியைக் கேட்டு இறக்கிக்கொள்ளலாம். அமைப்புகளில் அதற்கான வழி இருக்கிறது. அப்போது ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான தரவு வடிவம்), எச்டிஎம்எல் என்று இரண்டு வடிவங்கள் தரப்படும். தமிழில் குறிப்பு எழுதியவர்கள் எச்டிஎம்எல் வடிவத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் ஜேசன் கோப்பில் தமிழ் எழுத்துகள் சிதைந்த குறிகளாக வருகின்றன, அவற்றை மீட்கத் தனியாக ஒரு நிரல் எழுதவேண்டிவரும். வரும் படங்கள் சுருக்கப்பட்டவையே. தாள்கள் கையில் இருக்கும் படங்களை மறுபடி ஸ்கேன் செய்து, விற்றோ பரிசாகக் கொடுத்தோ கைவிட்டுப் போனவற்றுக்கு மட்டும் அந்தச் சிறிய பிரதிகளைப் பயன்படுத்தலாம்.